கேட்காமல் கிடைக்கும் சமத்துவம்

மார்ச் 8 வந்துவிட்டால் நம் அலுவலகங்கள் ஊதா நிறத்துக்கு மாறிவிடும். வரவேற்பு மேசையில் ரோஜாப் பூக்கள், உணவறையில் கேக், மதியம் ஒரு தன்முனைப்புப் பேச்சாளர், மாலையில் வாட்ஸ்அப் குழுவில் எல்லாரும் சேர்ந்து எடுத்த படம். வானொலியில் இருக்கும் நாங்களும் இதற்கு விலக்கு இல்லை. அன்றைக்கு நாள் முழுக்கப் பெண் அறிவிப்பாளர்களின் குரல், சாதனைப் பெண்களின் நேர்காணல், வாழ்த்துப் பாடல்கள். மறுநாள் காலை எல்லாரும் வழக்கமான கால அட்டவணைக்குத் திரும்பிவிடுவோம்.

கொண்டாட்டத்தில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. பூ கொடுத்தால் யாருக்கும் முகம் மலரத்தான் செய்யும். ஆனால் சில ஆண்டுகளாக மகளிர் தின நிகழ்ச்சியில் "உங்களுக்குப் பிடித்த சாதனைப் பெண் யார்?" என்ற வழக்கமான கேள்வியை விட்டுவிட்டு, நேயர்களிடம் வேறொன்றைக் கேட்டு வருகிறேன். "சட்டப்படி உங்களுக்கு உள்ள ஓர் உரிமையை வேலையிடத்தில் கேட்கத் தயங்கியது உண்டா?"

குரல் பதிவுகள் வந்து குவியும். "அக்கா, என் பேரைச் சொல்லிடாதீங்க" என்றுதான் பலர் பேச்சைத் தொடங்குவார்கள். கிள்ளானில் கணக்குப் பிரிவில் வேலை செய்யும் ஒரு தாய், பிள்ளையைப் பாலர் பள்ளியில் விட்டுவிட்டு வர வேலை நேரத்தை ஒரு மணி நேரம் தள்ளி வைக்கும்படி விண்ணப்பிக்கலாம் என்று தமக்குத் தெரியும் என்றார். "ஆனா போனஸ் நேரம் வருது. இப்போ போய் எதையாவது கேட்டா, பேரைக் கெடுத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்." பினாங்கில் தொழிற்சாலைப் பொறியியலாளர் ஒருவர், குழந்தை பிறந்தபோது தமக்கிருந்த ஏழு நாள் விடுப்பில் இரண்டு நாளோடு திரும்பிவிட்டதாகச் சொன்னார். "பிள்ளை பெத்தது நீயா, உன் மனைவியா?" என்று சக ஊழியர்கள் சிரித்தார்களாம். ஜொகூர் பாருவில் கடை ஒன்றில் விற்பனை வேலை பார்க்கும் பெண், மேற்பார்வையாளரின் கைச்சேட்டையைப் பற்றிப் புகார் கொடுக்கவில்லை. ஏன் என்றால், "கொடுத்தா என்னைத்தான் வேறு கிளைக்கு மாத்துவாங்க."

மூவர் நிலையும் வேறு வேறு. ஆனால் மூவருக்கும் உரிமை இருந்தது. மூவருமே அதைக் கேட்பதற்கு என்ன விலை கொடுக்க வேண்டியிருக்கும் என்று மனத்துக்குள் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார்கள். ஒரு வேலையிடம் பாலினச் சமத்துவத்தை உண்மையிலேயே ஆதரிக்கிறதா என்று தெரிந்துகொள்ள, அங்கே எத்தனை உரிமைகள் எழுதி வைக்கப்பட்டிருக்கின்றன என்று எண்ணினால் போதாது. அவற்றைப் பயன்படுத்துகிறவர் எதை இழக்கிறார் என்று பார்க்க வேண்டும்.

ஏட்டில் இருப்பது

முதலில், ஏட்டில் இருப்பதை ஒருமுறை சொல்லிவிடுகிறேன். நம்மில் பலருக்கு இதுவே முழுமையாகத் தெரியாது.

1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தில் செய்யப்பட்ட பெரிய திருத்தங்கள் 2023 ஜனவரி 1 முதல் தீபகற்ப மலேசியாவிலும் லாபுவானிலும் நடைமுறைக்கு வந்தன. மகப்பேறு விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்தது. அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பு குறைந்தபட்சமாகச் சொல்லும் 14 வாரம் என்பதும் இதே கணக்குத்தான். தனியார் துறையில் மணமான தந்தையருக்கு முதன்முறையாகத் தொடர்ச்சியாக ஏழு நாள் சம்பளத்துடன் விடுப்பு வந்தது. அதே முதலாளியிடம் குறைந்தது 12 மாதம் வேலை செய்திருக்க வேண்டும். பிரசவத்துக்கு 30 நாளுக்கு முன்பு தெரிவிக்க வேண்டும். ஐந்து பிரசவங்கள் வரை இது பொருந்தும்.

கர்ப்பிணியை வேலையிலிருந்து நீக்குவதற்கும் கடிவாளம் போடப்பட்டது. நீக்கினால், கர்ப்பம் அதற்குக் காரணம் இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு முதலாளியின் தலையில்தான். வேலை நேரத்தையோ நாளையோ இடத்தையோ மாற்றித் தரும்படி ஊழியர் எழுத்து மூலம் விண்ணப்பிக்கலாம். முதலாளி 60 நாளுக்குள் எழுத்து மூலம் பதில் தர வேண்டும். மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். பாலியல் தொல்லை குறித்த விழிப்புணர்வு அறிவிப்பை எல்லார் கண்ணிலும் படும் இடத்தில் ஒட்டி வைக்க வேண்டும். ஓவர்டைம் போன்ற சில பிரிவுகளைத் தவிர, சம்பளம் எவ்வளவாக இருந்தாலும் இந்தச் சட்டம் இப்போது எல்லா ஊழியருக்கும் பொருந்துகிறது.

2022ஆம் ஆண்டு பாலியல் தொல்லைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் ஒரு நடுவர் மன்றமும் அமைக்கப்பட்டிருக்கிறது. 2024 மார்ச்சில் அது செயல்படத் தொடங்கியது. வழக்கறிஞர் செலவு இல்லாமல் பாதிக்கப்பட்டவரே அங்கே நேரடியாகப் புகார் செய்யலாம். இரண்டரை லட்சம் ரிங்கிட் வரை இழப்பீடு வழங்க உத்தரவிடும் அதிகாரம் அந்த மன்றத்துக்கு உண்டு.

இவ்வளவும் இருந்தும், மலேசியாவில் வேலை செய்யும் வயதிலுள்ள பெண்களில் நூற்றுக்குச் சுமார் 56 பேர்தான் தொழிலாளர் சந்தையில் இருக்கிறார்கள். ஆண்களில் அது 80 பேருக்கும் மேல். பொதுப் பல்கலைக்கழகங்களுக்குப் போய்ப் பாருங்கள்: மாணவர்களில் பெண்களே அதிகம். பட்டமளிப்பு மண்டபத்தில் முன்வரிசையில் இருந்த அந்தப் பெண்கள் பத்து ஆண்டு கழித்து எங்கே போனார்கள்?

செலவு யார் தலையில்?

முதலாளிகளைத் திட்டிவிட்டு நகர்ந்துவிடுவது எளிது. அவர்கள் பக்கத்திலும் ஒரு கணக்கு இருக்கிறது; அதையும் பார்க்க வேண்டும். நம் நாட்டில் தனியார் துறை ஊழியரின் 98 நாள் மகப்பேறுச் சம்பளத்தை முழுவதுமாக அந்த முதலாளியே கொடுக்கிறார். ஐந்து பேர் வேலை செய்யும் நிறுவனத்தில் ஒருவருக்குப் பிரசவம் என்றால், மூன்று மாதத்துக்கு மேல் அவர் சம்பளமும் போக வேண்டும், அவர் இடத்தில் வேலை பார்ப்பவருக்கும் கொடுக்க வேண்டும்.

அக்கரையில் நிலைமை வேறு. சிங்கப்பூரில், தகுதியுள்ள பெற்றோரின் குழந்தை அந்நாட்டுக் குடிமகனாக இருந்தால், மகப்பேறு விடுப்புச் செலவில் ஒரு பங்கை அரசாங்கம் ஏற்கிறது. தந்தையருக்கு 2025 ஏப்ரல் முதல் நான்கு வாரம் விடுப்பு; அந்தச் செலவையும் ஒரு வரம்பு வரை அரசாங்கமே முதலாளிக்குத் திருப்பிக் கொடுக்கிறது. செலவு ஒரே தோளில் விழாதபோது, இளம் பெண்ணை வேலைக்கு எடுக்க முதலாளிக்குத் தயக்கம் குறையும். தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிதியைப் போல ஒரு பொது நிதியிலிருந்து மகப்பேறுச் சம்பளத்தைக் கொடுப்பதைப் பற்றி நாமும் பேச வேண்டிய காலம் இது.

அதுவரை, அந்தச் செலவு பயம் நேர்முகத் தேர்வில் ஒரு கேள்வியாக வந்து உட்கார்ந்துகொள்ளும்: "கல்யாணம் ஆயிடுச்சா? பிள்ளை எப்போ?" ஆண் வேட்பாளரிடம் இதை யாரும் கேட்பதில்லை.

கர்ப்பத்துக்காக வேலையை இழந்தவர்கள் நீதிமன்றப் படி ஏறிய வரலாறும் நமக்கு உண்டு. 1991இல் கர்ப்பமான ஒரு விமானப் பணிப்பெண்ணைக் கூட்டு ஒப்பந்தத்தின் விதியைக் காட்டி வேலையிலிருந்து நீக்கினார்கள். அவருடைய வழக்கு கூட்டரசு நீதிமன்றம் வரை போனது. 2001இல்தான் கூட்டரசு அரசியலமைப்பின் 8ஆவது பிரிவில், பாகுபாடு காட்டக்கூடாத காரணங்களின் பட்டியலில் பாலினமும் சேர்க்கப்பட்டது. ஆனாலும் 2005இல் அவருக்குச் சாதகமாக எதுவும் கிடைக்கவில்லை. அரசியலமைப்பு தரும் அந்தப் பாதுகாப்பு அரசாங்கத்தைக் கட்டுப்படுத்துமே தவிர, தனியார் நிறுவனத்தைக் கட்டுப்படுத்தாது என்று சொல்லப்பட்டது. 2011இல் ஷா ஆலாம் உயர் நீதிமன்றத்தில் இன்னொரு வழக்கு. கர்ப்பிணி என்பதால் தற்காலிக ஆசிரியை ஒருவருக்குக் கொடுத்த நியமனம் திரும்பப் பெறப்பட்டிருந்தது. அது பாலினப் பாகுபாடு என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அங்கே நியமித்தது அரசாங்கம் என்பதால் அரசியலமைப்பு கைகொடுத்தது.

இரண்டு பெண்களும் தங்கள் பங்குக்குக் கேட்டுப் பார்த்தார்கள். ஒருவர் ஏறத்தாழ பதினான்கு ஆண்டுகள் கேட்டுக்கொண்டே இருந்தார். எல்லாராலும் அப்படிக் கேட்க முடியுமா? முடிய வேண்டும் என்று எதிர்பார்ப்பதுதான் நியாயமா?

ஆயாக் கொட்டகை சொல்லும் பாடம்

கேட்காமலே கிடைப்பது எப்படி இருக்கும் என்று யோசிக்கும்போதெல்லாம் எனக்கு என் பாட்டி சொன்ன தோட்டத்துக் கதைகள் நினைவுக்கு வரும். கோலசிலாங்கூர் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். விடியலுக்கு முன்பே பெரட்டுக்குப் போக வேண்டும். அதற்கு முன்பு கைக்குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிடுவார். அங்கே வரிசையாக ஏணைகள் தொங்கும். மரம் சீவ முடியாத வயதில் இருக்கும் ஒரு பெரியம்மா, தோட்டச் சம்பளத்தில், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வார். தாய்மார் வெட்டுக்குப் போய்த் திரும்பும் வரை பிள்ளைகள் அங்கேதான்.

அந்தக் கொட்டகைக்காகப் பாட்டி யாரிடமும் விண்ணப்பம் எழுதவில்லை. "பிள்ளையைச் சாக்காக வைத்துச் சலுகை கேட்கிறாள்" என்று கங்காணி முணுமுணுக்கவும் இல்லை. பெண்கள் வராவிட்டால் மரத்தில் பால் நிற்காது என்று தோட்ட நிர்வாகத்துக்குத் தெரியும். அதனால் பெரட்டுக் களம் போல, பால் கொட்டகை போல, ஆயாக் கொட்டகையும் தோட்டத்தின் அமைப்பில் ஒன்றாக இருந்தது. தோட்டங்களில் பிள்ளைக் காப்பகம் வேண்டும் என்பது பிறகு சட்டத்திலேயே எழுதப்பட்டது. இன்று கோலாலம்பூரின் கண்ணாடிக் கோபுரங்களில் எத்தனை மாடி ஏறினாலும், ஊழியர் பிள்ளைகளுக்கு ஓர் அறை இருக்கும் கட்டடத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

தோட்ட வாழ்க்கையைச் சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. 1930களில் ஆணுக்கு நாள்கூலி 50 காசு என்றால், பெண்ணுக்கு 40 காசுதான். தோட்டத்துப் பெண்கள் துரைமார்களாலும் மேல்நிலை ஊழியர்களாலும் பட்ட தொல்லை ஊரறிந்தது. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஆர். எச். நாதன் முன்னின்ற அந்தப் போராட்டத்தின் கோரிக்கைப் பட்டியலில் சம்பளம் இருந்தது, பிள்ளைகளின் கல்வி இருந்தது, துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கத் தேவையில்லை என்ற தன்மானம் இருந்தது. தொழிலாளர் குடும்பப் பெண்களைத் தொல்லை செய்வது நிற்க வேண்டும் என்ற கோரிக்கையும் இருந்தது. அந்த வேலைநிறுத்தத்தை ராணுவத்தைக் கொண்டு அடக்கினார்கள்.

எண்பத்தோரு ஆண்டு கழித்து, 2022இல், பாலியல் தொல்லைக்கென்று தனிச் சட்டம் வந்தது. வேலையிடத்தில் பெண்ணுக்கு மரியாதை வேண்டும் என்பதை வெளியிலிருந்து வந்த புதுமை என்று நினைப்பவர்கள் நம்மிடையே உண்டு. படிப்பறிவு குறைந்த, சைக்கிள் ஓட்டக்கூடச் சுதந்திரம் இல்லாத நம் தாத்தா பாட்டிமார் அதைக் கோரிக்கையாக எழுதி, அதற்காகத் துப்பாக்கி முன் நின்றார்கள் என்பதை அவர்களுக்குச் சொல்ல வேண்டும்.

அலுவலகம் செய்யக்கூடியவை

ஆயாக் கொட்டகையின் பாடத்தை இன்றைய அலுவலகத்துக்கு எப்படிக் கொண்டுவருவது? பெரிய முழக்கம் எதுவும் வேண்டாம். தினசரி வேலை ஓடும் முறையில் சில மாற்றங்கள் போதும்.

*விடுப்பை நிறுவனமே முன்வந்து கொடுக்கட்டும்.* மனைவி கர்ப்பமாக இருக்கிறார் என்று ஓர் ஆண் ஊழியர் தெரிவித்தவுடன், மனிதவளப் பிரிவே அவருடைய ஏழு நாளையும் நாள்காட்டியில் குறித்து, யார் அவர் வேலையைப் பார்ப்பார் என்று எழுதி அனுப்பட்டும். "எடுக்கிறாயா?" என்ற கேள்வி போய், "எந்தத் தேதியிலிருந்து?" என்ற கேள்வி வரட்டும். அந்தப் பினாங்குப் பொறியியலாளரைச் சிரித்தவர்களுக்கு அப்போது சிரிக்க இடம் இருக்காது, ஏனென்றால் அது அவர் எடுத்த முடிவாக இருக்காது. மேலாளர்கள் முதலில் எடுத்துக் காட்டினால் இன்னும் நல்லது. தந்தை விடுப்பு பெண்களுக்கும் நேரடி ஆதாயம். குழந்தைக்காக ஆணும் வேலையிடத்தை விட்டுப் போவான் என்ற நிலை வந்தால், "பெண்ணை எடுத்தால் விடுப்பில் போய்விடுவாள்" என்ற கணக்கு வலுவிழக்கும்.

*கூட்ட நேரத்தைப் பாருங்கள்.* எங்கள் வானொலியில் நிகழ்ச்சித் திட்டமிடல் கூட்டம் முன்பு மாலை ஆறரை மணிக்கு நடக்கும். நல்ல நேரங்கள், சிறப்பு நிகழ்ச்சிகள், வெளியூர்ப் பயணங்கள் எல்லாம் யாருக்கு என்று முடிவாவது அங்கேதான். பிள்ளையைப் பராமரிப்பு மையத்திலிருந்து ஏழு மணிக்குள் அழைத்து வர வேண்டியவர்கள் பாதியில் எழுந்து போவார்கள். அவர்கள் இல்லாத நேரத்தில் வேலை பங்கிடப்பட்டுவிடும். யாரும் யாரையும் ஒதுக்கவில்லை. கடிகாரம் ஒதுக்கியது. புதிதாக வந்த தயாரிப்பாளர் ஒருவர் கூட்டத்தைக் காலை பதினொரு மணிக்கு மாற்றினார். யாரும் கேட்டதால் மாற்றவில்லை. ஒரு மாதம் வருகைப் பதிவைப் பார்த்துவிட்டு மாற்றினார். அதிகம் நன்றி சொன்னவர்களில் இரண்டு பேர் அப்பாக்கள்.

*சம்பள அடுக்கைத் திறந்து வையுங்கள்.* சம வேலைக்குச் சம ஊதியம் என்ற அனைத்துலக உடன்படிக்கையை மலேசியா 1997இல் ஏற்றது. ஆனால் ஒரே வேலைக்கு இரண்டு சம்பளம் எப்படி உருவாகிறது தெரியுமா? "போன வேலையில் எவ்வளவு வாங்கினீர்கள்?" என்ற கேள்வியில்தான் பெரும்பாலும் அது முளைக்கிறது. போன இடத்தில் குறைவாக வாங்கியவருக்கு இங்கேயும் குறைவு. பேரம் பேசத் தயங்குபவருக்கு அதிலும் குறைவு. ஒவ்வொரு பதவிக்கும் குறைந்தது இவ்வளவு, அதிகம் இவ்வளவு என்று எழுதி எல்லாருக்கும் காட்டினால், பேச்சுத் திறமைக்கும் சம்பளத்துக்கும் உள்ள முடிச்சு அவிழும்.

*திரும்பி வருபவருக்கு இடம் வைத்திருங்கள்.* 98 நாள் கழித்து வரும் தாய், தம் கணினியில் வேறொருவரும், தம் வாடிக்கையாளர்கள் வேறொருவரிடமும் இருப்பதைப் பார்த்தால் எத்தனை மாதம் தாக்குப்பிடிப்பார்? போவதற்கு முன்பே எந்த வேலை யாரிடம் போகிறது, எந்தத் தேதியில் திரும்ப வருகிறது என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டால் பாதிப் பயம் தீரும். தாய்ப்பால் எடுத்து வைக்கத் தாழ்ப்பாள் உள்ள ஓர் அறையும் ஒரு சின்னக் குளிர்பெட்டியும் வேண்டும். கழிவறையை அதற்குக் காட்டக் கூடாது. சில ஆண்டு இடைவெளிக்குப் பிறகு வேலைக்குத் திரும்பும் பெண்களுக்கென டேலண்ட் கார்ப் நிறுவனத்தின் திட்டமும் இருக்கிறது. ஆள் தேடும் முதலாளிகள் அதைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

அந்த இடைவெளியின் விலையை ஒரு கணக்காகவே சொல்கிறேன். மாதம் 3,000 ரிங்கிட் சம்பளம் வாங்கும் ஒருவருக்கு ஊழியர் சேமநிதியில் அவர் பங்கு 11 விழுக்காடு, முதலாளி பங்கு 13 விழுக்காடு. இரண்டும் சேர்த்து மாதம் 720 ரிங்கிட். பிள்ளை வளர்க்க அவர் ஐந்து ஆண்டு வேலையை விட்டால், சேமநிதியில் சேராமல் போவது 43,200 ரிங்கிட். ஆண்டுதோறும் சேர்ந்திருக்கும் லாப ஈவும், வாங்கியிருக்கக்கூடிய சம்பள உயர்வும் இந்தக் கணக்கில் இல்லை. முதுமையில் ஆணைவிடப் பெண் ஏன் அதிகம் பிள்ளைகளை நம்பி இருக்கிறாள் என்பதற்கு இதில் பதில் இருக்கிறது.

*புகார் செய்பவரை இடம் மாற்றாதீர்கள்.* பாலியல் தொல்லைப் புகார் வந்ததும் "பிரச்சினை வேண்டாம்" என்று பெண்ணை வேறு பிரிவுக்கு அனுப்புவது நம் ஊரில் வழக்கமாகிவிட்ட தீர்வு. விசாரணை முடியும் வரை யாராவது ஒருவர் நகர வேண்டும் என்றால், புகார் செய்தவர் தானே விரும்பிக் கேட்டால் தவிர அவர் நகரக் கூடாது என்று நிறுவன விதியிலேயே எழுதி வைக்கலாம். புகாரை வாங்குபவர் சம்பந்தப்பட்ட மேலாளராக இருக்கக் கூடாது. குறைந்தது இரண்டு பெயர்கள், அதில் ஒருவர் பெண், அந்த அறிவிப்பில் இருக்க வேண்டும். சட்டம் சொன்னதற்காக அறிவிப்பை ஒட்டிவிட்டு, யாரிடம் போவது என்று எழுதாமல் விட்டால் அது வெறும் சுவரொட்டிதான்.

"நாங்க சின்னக் கடைதான்"

இதையெல்லாம் வானொலியில் பேசினால் உடனே ஓர் அழைப்பு வரும். "தங்கச்சி, இதெல்லாம் பெரிய கம்பெனிக்குச் சரி. நாங்க சின்னக் கடைதான். நாலு பேர் வேலை பார்க்கிறாங்க. மனிதவளப் பிரிவுக்கு எங்கே போறது?"

நியாயமான கேள்வி. நம் சமூகத்தில் உணவகம், நகைக்கடை, அச்சகம், மளிகை, டியூஷன் மையம், லாரி நிறுவனம் என்று சிறுதொழில்தான் அதிகம். வேலை செய்யும் பெண்களில் பலர் அங்கேதான் இருக்கிறார்கள். 98 நாளும் ஏழு நாளும் நான்கு பேர் கடைக்கும் பொருந்தும் என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். அதற்கு மேல், சின்ன இடத்தில் பணம் அதிகம் செலவாகாத வழிகள் இருக்கின்றன.

வேலை அட்டவணையை முதல்நாள் இரவு வாட்ஸ்அப்பில் போடாமல் இரண்டு வாரம் முன்பே போடலாம். பிள்ளையை யாரிடம் விடுவது என்று ஒரு தாய்க்கு ஏற்பாடு செய்ய அது போதும். கடை சாத்தும் இரவு முறை எப்போதும் ஆணுக்கும், காலைக் கூட்டிப் பெருக்கும் வேலை எப்போதும் பெண்ணுக்கும் என்று இல்லாமல் சுழற்றலாம். கல்லாவையும் சரக்குக் கணக்கையும் பெண்ணுக்கும் கற்றுக் கொடுக்கலாம். மேலாளர் ஆவதற்கான படி அங்கேதான் தொடங்குகிறது. இரவில் வேலை முடிந்து போகும் ஊழியருக்கு வண்டி ஏற்பாடு செய்யலாம். வேலைக்கு எடுக்கும்போது எல்லாரிடமும் ஒரே ஐந்து கேள்விகளை மட்டும் கேட்பது என்று முடிவெடுக்கலாம். கல்யாணக் கேள்விக்கு அதில் இடம் இருக்காது. பக்கத்துக் கடைக்காரர்கள் நான்கைந்து பேர் சேர்ந்து, அதே வரிசையில் இருக்கும் பதிவு பெற்ற குழந்தைப் பராமரிப்பு மையத்தோடு கட்டணம் பேசலாம். ஆயாக் கொட்டகையைத் தனியாகக் கட்ட முடியாதவர்கள் கூட்டாகக் கட்டலாம்.

ஆதாயமும் உண்டு. பயிற்சி கொடுத்து, வாடிக்கையாளர் முகம் பழகி, பழகிய பிறகு ஒருவர் விலகினால், அவர் இடத்தில் புதியவரைத் தேடிப் பழக்க எத்தனை மாதம் ஆகும் என்று எந்தக் கடைக்காரருக்கும் தெரியும்.

வீட்டுக்கு வரும் கேள்வி

அலுவலகம் எல்லாம் செய்தாலும், வீட்டில் ஒருவர் மட்டுமே சமைத்து, துவைத்து, பிள்ளையின் வீட்டுப்பாடம் பார்த்து, மாமியாரை மருத்துவமனைக்கு அழைத்துப் போனால், காலையில் வேலைக்கு வரும்போதே அவர் பாதி நாள் வேலை செய்து முடித்திருப்பார். அதை முதலாளியால் சரிசெய்ய முடியாது. ஆனால் அவரால் ஒன்று முடியும்: ஆண் ஊழியர் "பிள்ளைக்குக் காய்ச்சல், நான் போகணும்" என்று சொல்லும்போது, "வீட்டம்மா இல்லையா?" என்று கேட்காமல் இருக்கலாம். அந்த ஒரு கேள்வி இரண்டு வேலையிடங்களைக் கெடுக்கிறது. அவர் அடுத்தமுறை விடுப்பு கேட்க மாட்டார். எங்கோ இன்னொரு அலுவலகத்தில் அவர் மனைவி மறுபடியும் விடுப்பு கேட்க வேண்டியிருக்கும்.

இந்தக் கட்டுரையைப் படிக்கும் உங்களில் சிலர் ஊழியர்கள், சிலர் நான்கைந்து பேரை வைத்து வேலை வாங்குபவர்கள், சிலர் அடுத்த ஆண்டு மேலாளர் ஆகப் போகிறவர்கள். ஊழியராக இருந்தால், உங்கள் உரிமைகளைத் தெரிந்து வைத்திருங்கள். விண்ணப்பத்தை எப்போதும் எழுத்தில் கொடுங்கள், ஒரு பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். பதில் வராவிட்டால் தொழிலாளர் இலாகாவின் கதவு திறந்திருக்கிறது.

வேலை வாங்கும் இடத்தில் இருந்தால், நாளைக் காலை ஒரு தாளை எடுத்து மூன்று கேள்விகளுக்குப் பதில் எழுதிப் பாருங்கள். கடந்த ஓராண்டில் தந்தை விடுப்பில் இருந்த ஆண்களில் எத்தனை பேர் ஏழு நாளையும் முழுமையாக எடுத்தார்கள்? மகப்பேறு விடுப்பிலிருந்து திரும்பிய பெண்களில் எத்தனை பேர் ஓராண்டு கழித்தும் உங்களிடம் இருக்கிறார்கள், அதே பொறுப்பில்? கடைசியாக உங்களிடம் புகார் செய்தவர் இப்போது எங்கே வேலை செய்கிறார்?

பதில் எழுத மனிதவளப் பிரிவோ பட்ஜெட்டோ வேண்டாம். வருகைப் பதிவேடும் சம்பளப் பதிவேடும் போதும். பதில் பிடிக்கவில்லை என்றால், யாராவது வந்து கேட்கும் வரை காத்திருக்காமல் அதில் ஒன்றை மட்டும் இந்த மாதமே மாற்றுங்கள்.